ஜும்ஆவுக்குப் பூட்டும் இணையத்தளம்

ஓர் இணையத்தளம் செய்ய எவ்வளவு ஆகும் என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் எனக்கு வேர்க்கும். இந்தத் தொழிலைத் தொடங்கி முதல் மூன்று தளங்களையும் சொந்தக்காரர்களுக்குத்தான் செய்து கொடுத்தேன். மச்சானின் தளபாடக் கடை, சாச்சாவின் கோழிப் பண்ணை, மாமியின் தங்கச்சி மகளுடைய தையல் வகுப்பு. மூன்றுக்கும் கிடைத்த கூலி ஒன்றே: "உங்களுக்கு துஆச் செய்றம்." எனக்காக இறைவனிடம் கேட்கும் துஆவில் குறைவில்லை. கரண்ட் பில்லைத்தான் அதைக் கொண்டு கட்ட முடியவில்லை.

ஆகவே கல்முனைப் பிரதான வீதியில் இடுப்பில் உடுக்கும் சாறன் விற்கும் கடை வைத்திருக்கும் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டனுப்பியபோது மனைவி சொல்லிவிட்டாள். "இந்த முறையும் துஆவோட மட்டும் வந்தீங்கண்டா வெளியதான் படுக்கணும்." எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். நான் அதில் வந்து குடியேறிய மாப்பிள்ளை. அதனால் அதை வெறும் மிரட்டல் என்று சொல்ல முடியாது. வீட்டுச் சொந்தக்காரரின் அறிவித்தல்.

வெளிநாட்டில் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் பெருநாளுக்கு வாப்பாமாருக்குச் சாறன் அனுப்ப ஒரு தளம் வேண்டும் என்றார் ஹாஜியார்.

"எழுபத்தையாயிரம்" என்றேன்.

"கடைசி விலை?"

"அதுதான் ஹாஜியார் கடைசி."

"அப்ப முதல் விலை என்ன?"

விளக்கினேன். தளத்தின் பெயருக்கு வருடா வருடம் காசு கட்ட வேண்டும். "என்ட பேரை வாப்பா சும்மாதானே வெச்சார்? இதுக்கு மட்டும் வருஷா வருஷம் காசா?" என்றார். தளம் இருக்கும் இடத்துக்கு வாடகை என்றேன். கடைக்காரர் அல்லவா, அது உடனே விளங்கியது. மிச்சம் என் கூலி என்றதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இருந்த இடத்துல இருந்து தட்டுறதுதானே தம்பி?"

"நீங்களும் இருந்த இடத்துல இருந்துதானே சாறன் விக்கிறீங்க?"

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நல்ல வேளை, சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஜும்ஆவுக்கு இதைப் பூட்டலாமா?"

வெள்ளிக்கிழமை பள்ளியில் ஜும்ஆத் தொழுகைக்காகப் பன்னிரண்டு மணிக்கே எங்கள் வீதியில் ஷட்டர்கள் இறங்கிவிடும். "நான் பள்ளிக்குள்ள இருக்கக்குள்ள என்ட கடையில யாவாரம் நடக்கப்படாது. பூட்டினா நீங்க கேட்ட விலை. பூட்டாட்டி நான் சொல்ற விலை" என்றார். இணையத்தளத்தின் பெருமையே அது பூட்டாமல் இருப்பதுதான் என்று மற்ற இடங்களில் சொல்வேன். அன்று "ஓம் ஹாஜியார்" என்றேன்.

மூன்று கிழமை வேலை. ஒவ்வொரு சாறனையும் விரித்துப் படம் பிடித்தேன். பூட்டும் நேரத்துக்கென்று இறக்கிய ஷட்டரின் படமும் போட்டு, கீழே "தொழுதிட்டு வாறம்" என்று எழுதினேன். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை தானாகப் பூட்டும்படி அமைத்தேன். சரிபார்த்தேனா? இவ்வளவு பெரிய கெட்டிக்காரன் எதற்குச் சரிபார்க்க வேண்டும்?

முதல் வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துச் சத்தமாகக் கேட்டார்.

"ஹாஜியார், நீங்க இங்க நிக்கிறீங்க, கடை அங்க தொறந்து கிடக்கே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. என்னைத் தேடினார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் மிகுந்த பக்தியோடு நின்றேன்.

தளம் இருந்த கணினி வெளிநாட்டில். அதன் கடிகாரம் நம்முடையதுக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். நம்மூரில் பாங்கு சொன்ன நேரம் அது விடிகாலை என்று நினைத்துக்கொண்டிருந்தது. பின்னேரம் ஐந்தரைக்கு, வெளிநாட்டுப் பிள்ளைகள் ஓய்வாக இருந்து சாறன் பார்க்கும் நேரமாகப் பார்த்துக் கடையை ஒழுங்காகப் பூட்டியது.

அன்றே திருத்தினேன். இந்த முறை ஒவ்வொரு நாளையும் வெள்ளிக்கிழமையாக்கிப் பூட்டிப் பூட்டித் திறந்து பார்த்தேன். அந்தக் கிழமை எனக்கு ஏழு ஜும்ஆ.

அடுத்த வெள்ளி, தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஹாஜியாரைச் சுற்றி ஒரு கூட்டம். தன் கைபேசியை ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே நீட்டிக்கொண்டிருந்தார். திரையில் இறக்கிய ஷட்டர்.

"பாருங்க, பூட்டிக் கிடக்கு. நம்மட கடை தொழுகையை விடாது."

மருந்துக் கடைக்காரர் ஒருவர் கேட்டார். "எவ்வளவு ஹாஜியார் முடிஞ்சது?"

"எழுபத்தையாயிரம்."

"குறைச்சிக் கதைச்சிருக்கலாமே?"

"நல்ல கதை! கைவேலை மனே இது. நான் ஒரு சதம் குறைக்காமக் குடுத்தன்."

அந்த நிமிடம் வரை அவர் எனக்கு ஒரு சதமும் தந்திருக்கவில்லை. ஆனால் பள்ளி வாசலில், இத்தனை பேர் முன்னால் சொன்ன சொல். பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்னரே முழுத் தொகையும் என் கையில் இருந்தது. எண்ணிப் பார்க்கவும் எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

மாலையில் மருந்துக் கடைக்காரர் அழைத்து, தனக்கும் ஜும்ஆவுக்குப் பூட்டுகிற மாதிரி ஒன்று வேண்டும், எவ்வளவு என்று கேட்டார்.

எண்பத்தையாயிரம் என்றேன். ஒரு துளிகூட வேர்க்கவில்லை.