ஒற்றைக் கோடு

பைக்கின் முன்சக்கரத்துப் போல்ட்டை வலது கையால் இறுக்கி முடித்ததும் மெக்கானிக் ஸ்பேனரைத் தரையில் வைக்கிறார். இரண்டு கைகளையும் துணியில் துடைக்கிறார். அதே ஸ்பேனரை இடது கையில் எடுத்து, இப்போதுதான் கடைக்குள் நுழைந்த வேற்று ஆள் போலக் குனிந்து, அதே போல்ட்டை மறுபடி முறுக்கிப் பார்க்கிறார். அசையவில்லை. அதன் பிறகுதான் சட்டைப்பையிலிருந்து பெயிண்ட் பேனா வெளியே வரும்.

"வேலை செஞ்ச கையே வேலையப் பாக்கக் கூடாதுப்பா," என்பார். "ரெண்டு கையும் உங்களோடதுதானே அண்ணே?" என்று யாராவது சிரித்துவிட்டால், அன்றைக்குச் சிரித்தவருடைய வண்டிதான் கடைசி.

தெருவில் அவருக்குப் பெயர் 'வெள்ளைக்கோடு'. இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு இழுப்பார். கழன்றாலும் சரி, மேலும் இறுகினாலும் சரி, போல்ட் இம்மி திரும்பினால் கோடு முறிந்து இரண்டாகிவிடும். வண்டிக்காரரே குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அந்த இடது கை அவருடைய பழக்கமல்ல, தம்பியுடையது. தம்பி இடக்கைக்காரன். ஒரே கடையில் இருந்த காலத்தில் அண்ணன் இறுக்கி வெள்ளைக்கோடு போடுவார். தம்பி சோதித்து அதன் பக்கத்தில் மஞ்சள்கோடு போடுவான். இரண்டும் இல்லாமல் ஒரு வண்டி வாசல் தாண்டாது. அப்படி இரண்டு கோடும் வாங்கிப்போன வண்டி ஒன்றில் முன்பிரேக் போல்ட் கழன்று, ஓட்டிய தபால்காரருக்குக் கால் முறிந்தது.

"நீ தொட்டே பாக்கல," என்றார் அண்ணன்.

"நீ முறுக்கியிருந்தா ஏன் கழலுது?" என்றான் தம்பி.

அதோடு பேச்சு நின்றது. தம்பி எதிர்ப்பக்கத்தில் தனிக்கடை போட்டான். தபால்காரர் இப்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு, விந்தி விந்தி, இரண்டு கடைகளையும் தாண்டி மூன்றாவது கடைக்குப் போகிறார். அவர் தலை தெரிந்தால் அண்ணனுக்கு வண்டிக்கு அடியில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

சென்ற வாரம், தம்பி உதிரிப்பாகம் வாங்க வெளியே போயிருந்த பகலில், தம்பி மனைவி அவனுடைய சொந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள்.

"நாளைக்குக் குழந்தையையும் வச்சுக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறோம் மாமா. ஒரு தடவ பாத்துக் குடுங்க."

"ஏன், உன் வீட்டுக்காரன் கோடு போடலையா?"

"போட்டிருக்காரு. ஒத்தக் கோடா இருக்கிறதுதான் மனசு கேக்க மாட்டேங்குது. அவரு திட்டுனா திட்டட்டும்."

கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு அந்த வண்டியை உள்ளே ஏற்றினார். ஒவ்வொரு மஞ்சள்கோட்டின் மேலும் ஸ்பேனரை வைத்து அழுத்தினார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு போல்ட். கோடு இருந்தும் ஆடுகிற போல்ட். அது கிடைத்தால் போதும், தபால்காரரின் கால் முறிந்த பழி யார் தலையில் விடியும் என்பது இன்றைக்கே தீர்ந்துவிடும். முன்பிரேக் அசையவில்லை. கைப்பிடி அசையவில்லை. எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள், பின்சக்கரம், ஒன்றும் அசையவில்லை. திரும்ப முதலிலிருந்து, இடது கையால். யாரும் எட்டிப் பார்க்காத அடிப்பக்கத்து நட்டில்கூட மஞ்சள்கோடு முறியாமல் நேராக ஓடியது.

"முறுக்கி வச்சிருக்கான் பாரு, பாவி," என்று முனகினார்.

வேறு வழியில்லை. ஒவ்வொரு மஞ்சள்கோட்டின் பக்கத்திலும் ஒரு வெள்ளைக்கோடு இழுத்தார். சாவியை நீட்டினார்.

"எல்லாம் சரியா இருந்துச்சா மாமா?"

"என்னத்தச் சரி? முன்பிரேக்குல ரெண்டு போல்ட்டு லூசு. நான் பிடிச்சு முறுக்குனதால பிழைச்சீங்க. வந்ததும் அவன்கிட்ட இதச் சொல்லு. நான் சொன்னேன்னே சொல்லு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவளும், ஒரே கடையாக இருந்த காலத்தில், இங்கே மதியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தே கோடு பார்க்கப் பழகியவள். முறுக்கியிருந்தால் மஞ்சள்கோடு முறிந்திருக்க வேண்டும். முன்சக்கரத்தின் பக்கம் மெல்லக் குனிந்தாள்.

அவர் ஓரடி நகர்ந்து, அவளுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நின்றுகொண்டார்.