மஞ்சளாகிப்போன ஆறு தகடுகள்

கார்பன் பூசி அச்சடிக்கும் சூரிய மின்கலம்தான் என் ஆராய்ச்சி. திருப்பூரில் ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட்டில், பிரிண்ட் காயவைக்கும் அடுப்பில்தான் கண்ணாடித் தகடுகளைச் சுடுவேன். சூட்டில் கறுத்தால் மின்சாரம் தரும். ஈரம் பட்டால் மஞ்சளாகிவிடும், மின்சாரம் தராது.

அன்று கடைசி ஆறு தகடுகளும் மஞ்சளாகிக் கிடந்தன. மூன்று வருட உழைப்பு. அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் சரசக்காவிடம், "ஈரக் கையோட நீங்கதான் தொட்டிருக்கீங்க" என்று அழுதுகொண்டே கத்தினேன்.

அவர் ஆறு தகடுகளையும் கையில் எடுத்தார். பிரிண்ட் காயாத பனியனை மறுபடி சூட்டுக்கு விடுவதுபோல அடுப்பில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஆறும் கறுத்தன.

"அயர்ன் மேசை ஆவிக்குப் பக்கத்துல வெச்சது நீங்கதானுங்க கண்ணு," என்றார். "அழுகறப்ப சொல்ல மனசு வரலீங்க."

ஆய்வேட்டில், மறுபடி சுட்டது என் யோசனை என்று எழுதினேன். சரசக்கா பெயரை எங்கும் எழுதவில்லை. பட்டம் வந்துவிட்டது, அந்த யூனிட் பக்கம் போகத்தான் இன்னும் கால் வரவில்லை.