மூவர்ணம் பூசிய விமானம்

மாமல்லபுரத்தில் குடை ரிப்பேர் செய்யும் ஜெயினுலாபுதீன் போலீஸ் தொப்பியைக் கண்டாலே வேறு தெருவில் போகிறவர். விமான பொம்மை செய்வதில் மட்டும் பைத்தியம். 1978இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் புது ராணுவ விமானத்தின் படம் கிடைத்தது. இறக்கை நுனி விசிறிகளை நிமிர்த்தினால் ஹெலிகாப்டர், சாய்த்தால் விமானம். குடைக்கம்பியிலும் தகரத்திலும் அதை, மேலே இருந்த அமெரிக்க எழுத்து உட்பட, அச்சு அசலாகச் செய்துவிட்டார்.

"இன்னாங்க இது? கல்பாக்கத்துல அணு நிலையம் கட்டிகினு கீறாங்க. அமெரிக்கா எழுத்தைப் பாத்தா உளவாளின்னு புடிச்சிகினு போய்டுவாங்க" என்றாள் மனைவி ஹபீபா.

அவர் உடனே பத்திரிகையை அடுப்பில் போட்டார். பொம்மையில் இருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு நம் விமானப்படையின் மூவர்ண வட்டம் வரைந்தார்.

மறுவாரம் குடையோடு கடைக்கு வந்த இன்ஸ்பெக்டர் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம ராணுவத்துல இப்படி ஒண்ணு கீதுன்னு உனக்கு யாருய்யா சொன்னது?"

 அது அமெரிக்காக்காரனுடையது என்று காட்ட இருந்த ஒரே தாள் சாம்பலாகியிருந்தது.