பாக்கெட்டில் நடந்த கோமதி

நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. காலை 6.12. இரவெல்லாம் கொட்டிய மழை ஓய்ந்து லேசான தூறல். போனில் 24 டிகிரி காட்டியது. எங்கள் தெருவில் ஏழு இடங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. போன வருஷம் ஐந்து.

அந்த நேரத்துக்குத்தான் நானும் என் மனைவி கோமதியும் திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டு கேட்டைச் சாத்திவிட்டு வாக்கிங் கிளம்பினோம். 6.31க்குத் திரும்பிப் பார்த்தால் நான் மட்டும்தான் இருந்தேன். கோமதியைக் காணவில்லை.

நடைப்பயிற்சி பற்றிய என் பத்தியை எப்போதும்போல் கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பத்திரிகை ஆபீஸில் சரிசெய்துகொள்வார்கள்.

நான் எண்ணுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்து நான்கு வருஷம் நட்டும் போல்ட்டும் எண்ணினேன். இப்போது எழுபத்தொரு வயது. எண்ணுவதற்கு நட்டு போல்ட் இல்லை, மின்கம்பம் இருக்கிறது. வீட்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரை அறுபத்தொரு கம்பங்கள். அதில் ஒன்பதில் விளக்கு எரியாது.

எங்கள் பக்கம் காலையில் நடக்க வரும் தம்பதிகளைப் பாருங்கள். ஐயா முன்னால் போவார். அம்மா பின்னால் வருவார். சண்டையெல்லாம் கிடையாது. வழக்கம் அப்படி. கல்யாணமான புதிதில் இரண்டடி இடைவெளி, ஓய்வுக் காலத்தில் இருபதடி. நான் பார்த்தவரை பதினான்கு ஜோடிகளில் பன்னிரண்டு இந்த ரகம். மீதி இரண்டில் ஒன்று புதுசு. இன்னொன்றில் அந்த அம்மா முன்னால் போவார்!

நான் பன்னிரண்டில் ஒருவன், சிவப்புத் தொப்பிக்காரன். முன்னால் போவேன். உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே போவதால் பின்னால் என்ன நடக்கிறது என்று காதில் விழாது. ஸ்டேஷனைத் தொட்டுத் திரும்பும்போதும் கண் கம்பங்களில்தான் இருக்கும்; வீட்டுப் பக்கம் நெருங்கியதும் கோமதியின் செருப்புச் சத்தம் எனக்குப் பின்னால் கேட்கும். வருகிறாள், சரி. அவ்வளவுதான் என் கணக்கு.

அன்றைக்கு மட்டும் ஏன் திரும்பினேன்?

அதற்கு எங்கள் டாக்டரம்மா காரணம். என் மகள் வயதுதான் இருக்கும். அதற்கு முந்தின வாரம் அவரிடம் பெருமையாகச் சொன்னேன் — "தினமும் ஒன்பதாயிரம் அடி, மேடம். ஒரே வேகம். மழை நாள் தவிர ஒரு நாள் விட்டதில்லை."

"அதான் பிரச்சினை சார். ஒரே வேகத்துல நடந்தா உடம்பு பழகிடும். மூணு நிமிஷம் வேகமா, மூணு நிமிஷம் மெதுவா மாத்தி மாத்தி நடங்க. கையை நல்லா வீசுங்க."

"எது வேகம்னு எப்படி மேடம் தெரியும்? நிமிஷத்துக்கு எத்தனை அடி?"

"எண்ணாதீங்க சார்! பேசிப் பாருங்க. பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் உங்க வேகம்."

எண்ணாதே என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் முறை.

சரி, செய்து பார்ப்போம் என்றுதான் அன்று கிளம்பினேன். ஸ்டேஷன் ரோட்டில் மழைநீர்க் கால்வாய் வேலைக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அங்கே வேகமாக நடந்தால் எலும்பு மிஞ்சாது. அதனால் முச்சந்தியில் வழக்கம்போல் நேராகப் போகாமல் இடதுபக்கம் ஏரி ரோட்டில் திரும்பினேன். கோமதி பின்னால்தானே வருகிறாள், பார்த்துத் திரும்புவாள்.

மூன்று நிமிஷம் வேகம். மூன்று நிமிஷம் மெதுவாக. மறுபடியும் வேகம். மூச்சு நன்றாக வாங்கியது. டாக்டர் சொன்ன சோதனையைச் செய்ய வேண்டுமே? பேசிப் பார்க்க வேண்டும். யாரிடம் பேசுவது? மனைவியிடம்தான்.

"கோமு, ஏரி ரொம்பிடுச்சு பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன்.

ஈர ரோடு. ஒரு நாய். வேறு யாரும் இல்லை.

நாலு நிமிஷம் நின்றேன். வரவில்லை. முந்தின நாள் கார்த்திகை சோமவாரம். விரதம் என்று பகலெல்லாம் சாப்பிடாமல், இரவு ஒரே ஒரு வாழைப்பழத்தோடு படுத்தவள். காலையில் சர்க்கரை மாத்திரையை மட்டும் சரியாக ஆறு மணிக்குப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டாள் என்ன... நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக் கையில் கொடுத்தேன். வெறும் வயிற்றில் மாத்திரை என்பது அப்போதுதான் உறைத்தது.

போனை எடுத்து அவள் நம்பரை அழுத்தினேன்.

கோயில் மணிச் சத்தம் கேட்டது. அவளுடைய ரிங்டோன். பக்கத்தில்தான் இருக்கிறாள்! அப்பாடா என்று நாலாபுறமும் பார்த்தேன். மணி என் பேன்ட் பாக்கெட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

உங்களிடம் மறைக்கக் கூடாது. சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மகள் உமா கோயம்புத்தூரில் இருக்கிறாள். எங்கள் இருவர் போனிலும் அடிகளை எண்ணும் ஆப்பைப் போட்டு, அது தினமும் தன் போனுக்கு வரும்படி செய்துவைத்திருக்கிறாள். கோமதிக்கு முட்டிவலி. அவள் கணக்கு இரண்டாயிரத்தைத் தாண்டாது. தினமும் சாயங்காலம் போன் வரும். "அம்மா, ஏன் இவ்ளோ கம்மி? உனக்கு சுகர்மா! அப்பாவைப் பாரு!" ஒரு நாள் உமா அழுதேவிட்டாள். மறுநாள் காலையில் கேட் பக்கத்தில் நான் கையை நீட்டினேன். "உன் போனை இங்க குடு."

"தப்பில்லையாங்க?" என்றாள் கோமதி.

"நிம்மதியா இருக்கட்டும், குடு."

அன்றிலிருந்து அவள் அடிகளையும் நானே நடந்தேன். அதிலும் ஒரு நேர்த்தி. என் கணக்குக்குச் சமமாக வந்தால் உமாவுக்குச் சந்தேகம் வருமே? அதனால் திரும்பி வந்ததும் அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, நான் மட்டும் மொட்டைமாடியில் இன்னும் இரண்டாயிரம் நடப்பேன். எனக்கு ஒன்பதாயிரம், அவளுக்கு ஏழாயிரம். உமா சந்தோஷம். டாக்டரிடமும் போன மாதம் அந்த ஏழாயிரத்தைத்தான் காட்டினேன்.

ஏரி ரோட்டில் நின்றபோது அந்த நேர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தது.

முச்சந்திக்கு ஓடினேன். ஓட்டம் என்று நான் சொல்வது. பார்த்தவர்கள் என்ன சொல்வார்களோ. வழக்கமான வழி என்று ஸ்டேஷன் ரோட்டில் போயிருப்பாளோ? முனை டீக்கடையில் பால் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏம்பா, இந்தப் பக்கம் ஒரு லேடி போனாங்களா?"

"எப்டி இருப்பாங்க?"

"அறுபத்தாறு வயசு. அஞ்சடி ஒரு அங்குலம். அறுபத்து நாலு கிலோ."

மாஸ்டர் கரண்டியை நிறுத்தினார். "இன்னா பெருசு, வரன் பாக்கிறியா? பொடவ இன்னா கலர், அத்த சொல்லு."

தெரியவில்லை. காலையில் இரண்டு பேரும் ஒரே கேட்டைத் தாண்டித்தான் வந்தோம். கேட்டில் எத்தனை கம்பி என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அங்கிருந்து நூற்று இருபது அடியில் அந்தக் கால்வாய்ப் பள்ளம். எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை, அதுவாக ஓடியது. பள்ளம் முழுக்க மழைத் தண்ணீர், டீ நிறத்தில். ஓரத்தில் கட்டியிருந்த சிவப்பு நாடா அறுந்து கிடந்தது. சேற்றில் ஒற்றைச் செருப்பு. பெண்கள் போடுவது.

கோமதியின் செருப்பு என்ன நிறம்? நீலமா? பழுப்பா? தெருவில் யாரும் இல்லை. மண்டிபோட்டு உட்கார்ந்தேன். இந்த முட்டியில் அப்படி உட்கார்ந்து ஆறு வருஷம் ஆகிறது. கையை விட்டுச் செருப்பை எடுத்து, அடியில் இருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தேன்.

எட்டு.

கோமதிக்கு ஆறு. நான்தான் வாங்கிக்கொடுத்தேன். ஆறாம் நம்பர்.

என் வாழ்க்கையில் ஒரு எண்ணைப் பார்த்து அப்படி அழுததில்லை.

அப்போது பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. காக்கிச் சட்டை, ஐம்பது வயது இருக்கும்.

"இன்னா நைனா, இங்க குந்திகினுகீற! உன்னத் தேடி ஸ்டேஷனுக்கு ரெண்டு தபா போய் வந்துட்டேன். எங்க பூட்ட? ஊட்டுக்காரம்மா எங்க ஊட்லதான் கீறாங்க. மயக்கமா வந்துச்சு. ஏறு, ஏறு!"

"உயிரோட..." என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல் ஏறி உட்கார்ந்தேன்.

அவர் பெயர் அந்தோணி. எங்கள் வீட்டுக்கும் முச்சந்திக்கும் நடுவில், பன்னிரண்டாவது மின்கம்பத்துக்கு எதிரே அவர் வீடு. மனைவி ஸ்டெல்லா காலையில் வாசலில் ஆப்பம் சுட்டு விற்கிறார். அந்தக் கம்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எதிரே வீடு இருப்பது அன்றுதான் தெரிந்தது.

கோமதி உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பச்சைப் புடவை. பச்சை! புடவை தோளோடு ஒட்டியிருந்தது, வேர்வையில். கையில் சர்க்கரைத் தண்ணீர் டம்ளர். கண் மட்டும் நன்றாக என்னை முறைத்தது.

"நல்ல ஆளுண்ணே நீங்க!" என்று ஸ்டெல்லாதான் ஆரம்பித்தார். "கை வெடவெடன்னு நடுங்குது, பேச்சு கொழறுது. போன் எங்கக்கான்னா உங்ககிட்ட கீதுன்றாங்க. சரி, உங்க நம்பர் சொல்லுங்கன்னா அதுவும் அந்த போன்லதான் கீதுன்றாங்க. நான் இன்னாத்த பண்றது? ரெண்டு கரண்டி சக்கரய கரச்சி வாயில ஊத்தினேன். அப்பறம்தான் மூஞ்சில களயே வந்துச்சு."

நான் கோமதியிடம் கேட்டேன். "இங்க எப்படி வந்த? என் பின்னாலதானே வந்துட்டிருந்த?"

"ஏழு மாசமா இங்கதாங்க உக்காருறேன்."

"என்னது?"

"நீங்க ஸ்டேஷன் போயிட்டு வர வரைக்கும் ஸ்டெல்லாவுக்குத் தேங்கா துருவிக் குடுப்பேன். நீங்க திரும்பித் தாண்டிப் போனதும் எழுந்து பின்னால வருவேன். நீங்க ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும். என் நடையைத்தான் நீங்க பாக்கெட்ல எடுத்துட்டுப் போயிட்டீங்களே... அப்புறம் நான் எதுக்கு நடக்கணும்?"

அந்தோணி சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போனார். "செவப்பு தொப்பி நைனா இன்னிக்கு திரும்பிப் பாப்பாரா மாட்டாரான்னு நாங்க டெய்லி பந்தயம் கட்டுவோம் சார்" என்று அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

எட்டரைக்கு டாக்டரம்மாவிடம் போனோம். விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரைத் தண்ணீரும் ஓர் ஆப்பமும் உள்ளே போயிருந்ததால் அளவு சரியாகிவிட்டிருந்தது. விரதமும் மாத்திரையும் சேர்ந்து இறக்கிவிட்டிருக்கிறது, இனி விரத நாளில் தன்னைக் கேட்காமல் மாத்திரை போடக் கூடாது என்றார். பிறகு பழைய சீட்டைப் புரட்டினார்.

"ஏழாயிரம் அடி நடந்தும் சுகர் இறங்கலையேன்னுதானே போன மாசம் டோஸைக் கூட்டினேன்?"

கோமதி என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க மாட்டாள். நாற்பத்து மூன்று வருஷமாகக் காட்டிக்கொடுத்ததில்லை. நான் வாயை மூடிக்கொண்டால் அந்த டோஸ் அப்படியே இருக்கும்.

சொன்னேன். இரண்டு போன், ஒரு பேன்ட், எல்லாம்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ இத்தனை நாள் நான் மருந்து எழுதினது உங்க பாக்கெட்டுக்கா சார்?"

கூட்டிய டோஸை அடித்துவிட்டுப் பழையதை எழுதிக்கொடுத்தார்.

சாயங்காலம் உமாவுக்கும் நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தனை நாளா, அப்பா?"

"நூத்தித் தொண்ணூத்தி ஆறு நாள். மழை நாளெல்லாம் கழிச்சு."

"அதையும் எண்ணி வச்சிருக்கீங்க..." என்றாள். சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. "போனை அம்மாகிட்ட குடுங்க" என்றாள். கொடுத்தேன். இரண்டு போனையும்.

இப்போது இரண்டு பேரும் பக்கம் பக்கமாக நடக்கிறோம். முதல் இரண்டு நாள் எனக்குக் காலெல்லாம் அரித்தது, அவ்வளவு மெதுவு. அவளுக்கோ அதுவே வேகம். மூச்சு வாங்குகிறது, ஆனால் பேச்சு நிற்பதில்லை. டாக்டர் சொன்ன சோதனையில் அவள் நூற்றுக்கு நூறு. பன்னிரண்டாவது கம்பத்தில் பத்து நிமிஷம் முட்டிக்கு ஓய்வு, பிறகு மறுபடியும் நடை. போன வாரம் ஒரு நாள் அவள் சொந்தக் காலில் நடந்தது 3,260. உமா "சூப்பர்மா" என்று அனுப்பியிருந்தாள். என் மூன்று நிமிஷ வேகமெல்லாம் மாலையில், தனியாக, மொட்டைமாடியில்.

நடையிலிருந்து கூடுதலாக என்ன கிடைக்கும் என்று கேட்டு எனக்கு எழுதுகிறீர்களே, என் பதில் இதுதான். கையை வீசுங்கள். வேகத்தை மாற்றுங்கள். கூட நடப்பவரோடு பேசுங்கள். அவருடைய அடிகளை அவரே நடக்கட்டும்.

அவள் போன் இருந்த பாக்கெட்டில் இப்போது பத்து ஆரஞ்சு மிட்டாய் வைத்திருக்கிறேன், அவசரத்துக்கு. நேற்று எண்ணினேன், எட்டுதான் இருந்தது. கேட்டால் கோமதி வானத்தைப் பார்க்கிறாள்.

அந்தோணி ஆட்டோவுக்குக் காசு வாங்கவில்லை. சர்க்கரைத் தண்ணீருக்குப் பணம் எடுத்ததற்கு ஸ்டெல்லா கரண்டியை ஓங்கிவிட்டார். டாக்டர் முந்நூறு, விரல் குத்தல் ஐம்பது, மாத்திரை எண்பத்தாறு, மிட்டாய் பத்து. திரும்பிப் பார்ப்பது இலவசம். பார்க்காமல் நடந்ததற்கு ஆன செலவு — ரூபாய் 446.