உட்காராதவனின் இரண்டரை மணி நேரம்

இலுப்பூர் பஸ்ஸில் கண்டக்டருக்கென்று பின்வாசலோரம் ஓர் இருக்கை உண்டு. அதில் அழகுமலை உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. யாராவது ஒரு கிழவியின் கடலை மூட்டை அங்கே சொகுசாக உட்கார்ந்திருக்கும். இவன் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பான். "கண்டக்டருக்குக் கால்ல சக்கரமா?" என்று எவனாவது கேலி செய்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அந்தக் கால்களுக்காக முட்டியைப் பேர்த்துக்கொண்டவன் நான். கேலி செய்யும் உரிமை எனக்கு மட்டும்தான்.

ஐம்பத்தேழில் நாங்கள் இருவரும் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பு. அன்னவாசலுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். நான், ஆத்மநாதன், வகுப்புச் சட்டாம்பிள்ளை. பாடம் நடக்கும்போது பேசுகிறவன், இடத்தை விட்டு எழுந்திருக்கிறவன் பெயரையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுவேன். சாயங்காலம் ஹெட்மாஸ்டர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். எனக்கு அப்போது இருந்த தலைக்கனம் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அழகுமலையின் பெயர் வாரத்துக்கு நாலு தடவையாவது அந்த நோட்டில் ஏறிவிடும். பெஞ்சை ஆட்டுவான். திடீரென்று ஜன்னலுக்கு எழுந்து போவான். மைக்கூட்டைக் கவிழ்ப்பான். ஐயோ என்று பதறித் துடைக்கப் போய் அடுத்தவன் மைக்கூட்டையும் கவிழ்ப்பான். மக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கேள்வி கேட்டால் டாண் என்று பதில் வரும். எழுந்து நின்று சொல்லும்வரை சரி, உட்காரச் சொன்னால்தான் வம்பு.

அவனுடைய அம்மா ராக்காயி கடலைக் காட்டில் கூலி வேலை செய்தவர். புருஷன் இல்லை, ஒரே மகன். குறி சொல்லும் கோடாங்கியிடம் கூட்டிப்போய்த் தாயத்துக் கட்டினார். மூன்றாம் நாளே தாயத்தை எங்கேயோ அறுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றான்.

சாயங்காலம் நாலரை மணிக்கு மணி அடித்ததும் மைதானத்தில் சடுகுடு நடக்கும். அங்கே இந்தப் பயலைப் பார்க்க வேண்டுமே! பாடிக்கொண்டு போனால் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவான். தீபாவளி கழிந்ததும் ஹெட்மாஸ்டர் அதற்கும் தடை போட்டார்.

"வகுப்புல உக்காரத் தெரியாதவனுக்கு மைதானம் எதுக்குடா? இனிமே ஒனக்கு வெளையாட்டு கெடையாது. மணி அடிச்சதும் என் ரூமுக்கு முன்னால உக்காந்து படி."

எனக்கு ஏக சந்தோஷம்.

ஜனவரியில் மாதிரிப் பரீட்சை வைத்தார்கள். அரை மணி நேரத்துக்குள் அழகுமலை நாலு தடவை எழுந்துவிட்டான். பேப்பரைப் பிடுங்கி வெளியே அனுப்பினார்கள். மறுநாள் ராக்காயியை வரவழைத்தார் ஹெட்மாஸ்டர். காட்டு மண் ஒட்டிய காலோடு வந்து நின்றார் அந்த அம்மாள்.

"ஒம் மகனை நான் பெரிய பரீட்சைக்கு அனுப்பப் போறதில்லை. ஏன்னு நீயே கேளு. ஆத்மநாதா, நோட்டைப் படிடா."

கணீரென்று படித்தேன். ஒவ்வொரு தேதியாக, ஒவ்வொரு குற்றமாக. ராக்காயி கடைசிவரை கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, தீவாளிக்கு முந்தி வாரத்துக்கு எத்தனை வாட்டி எழுதிருக்க?"

புரட்டினேன். "நாலு."

"தீவாளிக்குப் பொறவு?"

எண்ணினேன். "ஒரு நாளைக்கு நாலு."

"பாத்தீங்களா அய்யா? காளையக் கட்டியே போட்டா அது தொட்டியத்தான் முட்டும். சாயங்காலம் அவுத்து விட்டுக்கிட்டிருந்தப்ப எம் மகன் ஏதோ அடங்கி இருந்தான். இப்ப பரீட்சை எழுதலைன்னா எங்கூடக் கடலை புடுங்கத்தான் வரணும். அதுக்கா நான் இவனை இம்புட்டு நாளு படிக்க வச்சேன்?"

ஹெட்மாஸ்டர் நோட்டை வாங்கித் தானே புரட்டினார். அத்தனை பக்கத்திலும் அவர் கையெழுத்து. பிடிவாதக்காரர்தான், ஆனால் நியாயம் தெரிந்தவர்.

"சரி, ஆடட்டும். பரீட்சைக்கும் போகட்டும். ஹால்ல எந்திரிச்சான்னா நான் பொறுப்பில்லை."

அன்று சாயங்காலமே அழகுமலை மைதானத்தில் இறங்கினான். அடுத்த மாதம் குளத்தூர்ப் பையன்கள் எங்களோடு ஆட வந்து மண்ணைக் கவ்விவிட்டுப் போனார்கள். என் நோட்டில் அவன் பெயர் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் பரீட்சை நெருங்க நெருங்க அவன் முகம் வாடியது.

"ஆத்மநாதா, சாயங்காலம் ஆடுனா பொழுதிருட்டினப்பறம் உக்காந்து படிக்க முடியுது. விடிஞ்சா கால் மறுபடி ஆரம்பிச்சிருது. பரீட்சை காலையிலதானடா?"

சட்டாம்பிள்ளை புத்தி அன்றுதான் உருப்படியாக ஒரு வேலை செய்தது. "அப்ப காலையிலயே ஆடிருவோம்" என்றேன்.

பரீட்சை இலுப்பூரில். முதல் பஸ்ஸில் போய் வறண்ட கண்மாயில் கோடு கிழித்தோம். பக்கத்துக்கு நாலு பேர் வேண்டும். ஆடத் தெரிந்தவர்கள் ஏழே பேர். எட்டாவது ஆள், வேறு வழியில்லாமல், நான். அழகுமலை பாடிக்கொண்டு வந்தான். பழைய கணக்கைத் தீர்க்கிற மாதிரி அவன் காலைக் கட்டிப் பிடித்தேன். பாவி, என்னையும் தரதரவென்று இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான்! என் முட்டித் தோல் கண்மாயிலேயே தங்கிவிட்டது. கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு பத்து மணிக்கு ஹாலுக்குள் போனோம்.

எனக்கு முன் வரிசையில் அவன். முதல் ஒரு மணி நேரம் தலை நிமிராமல் எழுதினான். அப்புறம் வலது கால் மெல்ல ஆட ஆரம்பித்தது. எனக்கு எழுத்து ஓடவில்லை. மேற்பார்வைக்கு வந்த வாத்தியார் அவனையே பார்த்தார். எழுந்திருக்காதேடா, எழுந்திருக்காதேடா என்று மனசுக்குள் கத்தினேன். அழகுமலை இடது கையால் முட்டியை அழுத்திக்கொண்டு எழுதினான். கால் நின்றது. பன்னிரண்டரைக்கு மணி அடித்த பிறகுதான் எழுந்தான்.

வாசலில் ராக்காயி. ஆறு மைல் நடந்தே வந்திருந்தார். பரீட்சை எப்படி என்று கேட்கவில்லை.

"உக்காந்தியாடா?"

"உக்காந்தேன் ஆத்தா! கடைசி மட்டும் உக்காந்தேன்!"

இலுப்பூர்க் கடைவீதி திரும்பிப் பார்க்கக் குலவை போட்டார் அந்த அம்மாள். சொல்ல வெட்கமென்ன, நான் அழுதேன்.

ஊர் திரும்பியதும் நோட்டை எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டரிடம் ஓடினேன். "அழகுமலை. இரண்டரை மணி நேரம். எழுந்திருக்கவில்லை" என்று தேதி போட்டு எழுதியிருந்தேன். இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கும் ஆடுவீங்கள்ல? மொத பஸ்ஸுக்கு நானும் வாரேன். கோடு கிழிக்க ஒரு ஆள் வேணாமா?"

சொன்னபடி வந்தார். கடைசிப் பரீட்சை வரைக்கும் வந்தார்.

ஜூனில் ரிசல்ட் வந்தது. அழகுமலை பாஸ். நானும் பாஸ்தான், அவனைவிட நாலு மார்க் குறைவு. அதைப் பற்றி யாரும் என்னிடம் பேச வேண்டாம்.