ஆமையின் பெயரைக் கேட்ட மகள்

போன வருடம் மழை தொடங்கிய புதிதில், திருவனந்தபுரத்தில் நடந்தது இது. சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தப் பருப்புக் கடையில் எடை போடும் வேலை எனக்கு. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினாறு வயதில் தென்காசிப் பக்கமிருந்து வந்தவன், இங்கேயே தங்கிவிட்டேன். என் நாற்பத்து மூன்றாவது வயதில் பிறந்த ஒரே மகள் அப்போது அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிவரப் போனபோது டீச்சர் என்னைத் தனியாக அழைத்தார். எனக்குப் பொதுவாகவே கூச்சம் அதிகம். அவர் பேசப் பேசத் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பையன் புதிதாகச் சேர்ந்திருக்கிறானாம். மலையாளம் தெரியாது. கஞ்சிக்கு உட்காரும்போது அவன் பக்கத்தில் வந்தால் என் மகள், 'பெங்காளி வேண்டாம்' என்று பாயை இழுத்துக்கொள்கிறாளாம். வடக்கேயிருந்து வேலைக்கு வருகிற எல்லாருக்கும் இங்கே அந்தப் பெயர்தான். மற்ற பிள்ளைகளும் அவளைப் பார்த்து அதையே செய்கிறார்கள். பையன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். இனி அவனை அனுப்பவில்லை, வேலைக்குப் போகும்போது அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறேன் என்று அவன் அம்மா சொல்லிவிட்டாளாம். இன்னும் ஒரு வாரம் மட்டும் பார்க்கச் சொல்லி டீச்சர் கெஞ்சியிருக்கிறார்.

நாலரை வயதுப் பிள்ளையை இதற்காக அடிப்பதா? டீச்சர் கூடாது என்றார். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் படப் புத்தகங்களிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்து, மகளோடு உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தவளைகள் இருக்கும் குளத்துக்கு ஓர் ஆமைக்குட்டி வந்து சேரும் கதை. படத்தைப் பார்த்தே அவ்வளவும் புரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் மகளை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் நல்லது கெட்டது சொல்ல ஆரம்பித்தேன். தவளை மாதிரி இருக்கக் கூடாது, யாரையும் தள்ளக் கூடாது என்றெல்லாம். அவள் கொட்டாவி விட்டாள். மடியிலிருந்து நழுவி இறங்கிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டேன். சும்மா இருப்பது எனக்குத் தெரிந்த வேலைதானே. தவளைகள் எல்லாம் ஒரு பெரிய இலைக்கடியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, ஆமை மட்டும் மழையில் நிற்கும் பக்கம் வந்தது. அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. ஆமைக்குத்தான் முதுகிலேயே வீடு இருக்கிறதே, நனையாது என்றாள். பிறகு விரலை ஆமையின் முகத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"பின்னே எதுக்குக் கரையுது?" என்றாள்.

கரைவது என்றால் இங்கே அழுவது. "நீயே சொல்லு மோளே" என்றேன்.

"யாரும் விளிக்கலை. அதான்." கொஞ்சம் யோசித்து, "இதுக்குப் பேரு எந்தா?" என்றாள்.

ஆமைதான் என்றேன். அது பேரில்லையாம். தவளைகள் பேர் கேட்கவே இல்லையா என்றாள். இதுதான் சமயமென்று என் கதையைச் சொன்னேன். நான் வந்த புதிதில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களும் சாமான் வாங்க வருகிறவர்களும் என்னை, தமிழனை இளக்காரமாகச் சொல்வதுபோல, 'பாண்டி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. அது எனக்கு எவ்வளவு சங்கடமாக இருந்தது என்று சொன்னேன். மகள் கவனமாகக் கேட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ நம்ம கடையில சாக்கு தைக்கிற பெங்காளிக்குப் பேரு எந்தாப்பா?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக என் பின்னாலேயே உட்கார்ந்து சாக்குத் தைக்கிற ஆள். நான் எடை போட்டுத் தள்ளுவதை அவர்தான் வாய் தைத்து அடுக்குவார். கடைக்கு வரும்போதெல்லாம் என் மகள் கேட்டது, 'ஏ பெங்காளி, இதை எடு' என்ற என் சத்தத்தைத்தான். அந்த வார்த்தை எங்கிருந்து அங்கன்வாடிக்குப் போனது என்று அப்போதுதான் விளங்கியது. "தெரியாதும்மா, நாளைக்குக் கேட்டுட்டு வாறேன்" என்றேன்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் அவரிடம் போய்ப் பெயர் கேட்டேன். பயந்துபோய், முதலாளி ஏதாவது சொன்னாரா, தன் வேலையில் குற்றமா என்று திருப்பிக் கேட்டார். இல்லை, என் மகள் கேட்கிறாள் என்றதும் சிரித்துவிட்டுச் சொன்னார். ஊர் அசாமாம். வங்காளத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரியாம்.

சாயங்காலம் அந்தப் பெயரை மகளிடம் சொன்னேன். நாலைந்து தடவை சொல்லிப் பழகினாள். மறுநாள் அங்கன்வாடிக்குப் போனதும், டீச்சரிடம் அந்தப் பையனின் பெயரைக் கேட்டிருக்கிறாள். உடனே ஒட்டிக்கொள்ளவில்லை. புதன்கிழமையும் பாயை இழுத்தாள் என்றுதான் கேள்வி. வெள்ளிக்கிழமை நான் போனபோது, இரண்டும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. "இப்ப சண்டை கூடுறதும் ரெண்டும் சேர்ந்துதான்" என்றார் டீச்சர். பையனின் அம்மா அவனை நிறுத்தவில்லை.

இப்போது கடையில் யார் புதிதாக வேலைக்கு வந்தாலும், கூச்சத்தை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் நான் போய்ப் பெயர் கேட்கிறேன்; என் வாயிலிருந்து வருவதுதான் நாளை என் மகள் வாயிலிருந்தும் வரும் என்பது எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியும்.