நான்காவது சாட்சியை எப்படிக் கூப்பிடுவது

கோர்ட்டில் பெயர் கூப்பிடுவது என் வேலை. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள் வழக்கையும் தண்டனையையும் பற்றி எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அலுவலக உதவியாளராகப் புதிதாக வரும் பெண்களுக்குப் பயன்படும் என்று எங்கள் பெஞ்ச் கிளார்க் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

நான் வீட்டிலேயே சத்தமாகப் பேசாதவள். என்னை வராண்டாவில் நிறுத்தி, கீழ்த்தளம் வரை கேட்கும்படி ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிடச் சொன்னார்கள். முதல் நாள் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

எங்களுடையது மகளிர் கோர்ட். பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைக் கூப்பிடக் கூடாது. பெண் ஏட்டு அவளைப் பின்வாசல் வழியாக அழைத்து வருவார். கதவைச் சாத்திவிட்டு விசாரிப்பார்கள். இது சட்டம். இதில் எனக்கு ஒருபோதும் குழப்பம் வந்ததில்லை, ராயபுரம் இறால் கொட்டகை வழக்கு வரும் வரை.

அந்தக் கொட்டகையின் மேஸ்திரி, லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி ஒன்றை ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்தான். கூலி குறைகிறது என்று யாராவது வாய் திறந்தால் எடுத்துக் காட்டுவான். இறால் உரிக்கும் பெண்கள் எல்லோருமே அதைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியை அதைக் காட்டியே மிரட்டிக் கெடுத்தான். அவள் பெயரை இங்கேயும் எழுத மாட்டேன்.

ஆள் ஒருவன்தான், ஆனால் வழக்கு இரண்டானது. துப்பாக்கி வழக்குக்கு மேலதிகாரியின் அனுமதி உத்தரவு தனியாக வரவேண்டும். அது தாமதமானதால் பாலியல் வழக்கு முதலில் நடந்தது. அவள் தனியாக வந்து, சாத்திய கதவுக்குள் சாட்சி சொல்லிவிட்டுப் போனாள். கொட்டகையில் யாருக்கும் தெரியாது. யாரோ ஒருத்தி என்று மட்டும் பேச்சு இருந்தது. இரண்டு மூன்று பேர் பெயர் அடிபட்டது. அவள் பெயரும் அதில் ஒன்று.

பிறகு துப்பாக்கி வழக்கும் எங்கள் கோர்ட்டுக்கே வந்தது. இது திறந்த கோர்ட். கொட்டகைப் பெண்கள் எல்லோரும் சாட்சிகள். அவள் நான்காவது சாட்சி.

சாட்சி விசாரணை அன்று காலை ஏட்டம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாலாவது பேர மட்டும் வராண்டாவுல கூப்டாத. நானே பின்னால இட்டுகினு வரேன். போன தபா மாதிரியே."

சரி என்றேன். முதல் சாட்சி மல்லிகாவைக் கூப்பிட்டேன்.

"இன்னாக்கா, ஏலம் வுடுற மாதிரி கத்துற! பக்கத்துலதான கீறேன்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள் அவள். மற்ற பெண்களும் சிரித்தார்கள்.

மல்லிகாவின் விசாரணை நடக்கும்போது தண்ணீர் கேன் பக்கம் போனேன். நான்காவது சாட்சியான அந்தப் பெண் என் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, என்ன எப்பக்கா கூப்டுவ?"

"உன்னக் கூப்பிட மாட்டேன்மா. ஏட்டம்மா பின்வாசல் வழியா இட்டுனு போவாங்க. பயப்படாத."

"ஐயோ, வேணாங்க்கா! எல்லார் பேரையும் கத்திட்டு என்ன மட்டும் உட்டா, இவளுங்களுக்குத் தெரிஞ்சிடாதா? அப்புறம் நான் அங்க எப்புடி வேலைக்குப் போவேன்? என் வூட்டுக்காரருக்கு மட்டுந்தான் தெரியும். என் பேரையும் கத்துக்கா. மல்லிகாவக் கூப்ட மாதிரியே கத்து."

ஏட்டம்மாவிடம் ஓடிச் சொன்னேன். "அட, அத்த நான் யோசிக்கல பாரு" என்றார். ஆனால் எங்கள் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. பெஞ்ச் கிளார்க் அரசு வக்கீலிடம் சொல்ல, அவர் நீதிபதி அம்மாவின் அறைக்குப் போய்க் கேட்டார். 'அந்தப் பெண் விரும்புகிறபடியே செய்யுங்கள்' என்று பதில் வந்தது.

இரண்டாவது, மூன்றாவது சாட்சிகளின் விசாரணை முடிந்தது. நான் வராண்டாவுக்கு வந்தேன். குரல் கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. அவள் பக்கம் பார்க்காமல் பெயரைக் கூப்பிட்டேன். அவள் எழவில்லை. இரண்டாவது முறையும் எழவில்லை. மனசு மாறிவிட்டதோ என்று நினைத்தேன்.

மூன்றாவது முறை கூப்பிட்டதும், சாட்சி சொல்லி முடித்து வெளியே வந்திருந்த மல்லிகா அவள் தோளில் தட்டினாள். "ஏய், உன்னத்தான்டி! காது அடச்சிப் போச்சா?"

"டீ வரும்னு பாத்துகினு இருந்தேன்டி" என்று சொல்லி, புடவையை உதறிக்கொண்டு எழுந்து போனாள்.

உள்ளே எதிர்த்தரப்பு வக்கீல் வாயைத் திறந்ததுமே நீதிபதி அம்மா, "இந்த வழக்கில் துப்பாக்கியைப் பற்றி மட்டும் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு ஆன நேரம்தான் அவளுக்கும் ஆனது.

தீர்ப்பு இரண்டு வழக்குக்கும் ஒரே நாளில் வந்தது. பாலியல் வழக்கில் பத்து வருடம், துப்பாக்கி வழக்கில் மூன்று வருடம். இரண்டையும் ஏக காலத்தில் அனுபவிக்க உத்தரவிட வேண்டும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். அதாவது பத்துக்குள்ளேயே மூன்றும் அடங்கிவிடும். நீதிபதி அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஒரு நாளுக்காக மட்டும் அவன் துப்பாக்கி வைத்திருக்கவில்லை, அதற்கு முன்னும் பின்னும் எல்லாப் பெண்களையும் அதைக் காட்டியே அடக்கியிருக்கிறான், அது தனிக் குற்றம் என்றார். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது.

வராண்டாவில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஒண்ணாவா, தனித்தனியாவா?" என்று மல்லிகா கேட்டாள்.

"தனித்தனியா."

"அப்ப பதிமூணு. நல்லா கெடக்கட்டும் உள்ள." பிறகு, "யாரு பெத்த பொண்ணோ, எங்க கீறாளோ, நல்லா இருக்கட்டும்" என்றாள்.

அவளுக்குப் பக்கத்தில் நின்ற நான்காவது சாட்சி, "ஆமாண்டி" என்றாள்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பெயரை மறைக்கச் சட்டம் இருக்கிறது, அதை மீறாதீர்கள். ஆனால் எப்படி மறைப்பது என்று அந்தப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் சொன்னதை மேலே இருப்பவர்களிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள்.

தீர்ப்புக்கு மறுநாள் ஏட்டம்மா வேறு சம்மன் கொடுக்க ராயபுரம் போயிருந்தார். கொட்டகைக்கு எல்லாப் பெண்களும் வந்திருந்தார்களாம், அவளும்தான். பேச்செல்லாம் ஐஸ் வண்டி தாமதமாக வந்ததைப் பற்றித்தானாம்.